சொல்லாத நோய்

பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்க்கெல்லாம் தம்மைப் பற்றிச் சொல்லத் தெரியும் என்று எண்ணிவிடுதல் கூடாது. நிபோங் திபாலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவர். பேச்சுப் போட்டிக்கு மாணவரைப் பயிற்றுவிப்பதில் வல்லவர் என்று பெயர் பெற்றவர். "தயங்காதே, நினைத்ததைத் திருத்தமாகச் சொல்" என்பதே மாணவர்க்கு அவர் கூறும் முதற்பாடம். அத்தகையவர் ஆறு ஆண்டுக் காலம் ஒரு நோயைத் தம்முள் வைத்துக்கொண்டு, கணவரிடமும் தாயிடமும் உடன் பணியாற்றுவோரிடமும் ஒரு சொல்லும் சொல்லாதிருந்தார். நோய் பெரிதாக வளர்ந்ததற்கு உடல் ஒரு காரணம். மௌனம் மற்றொரு காரணம்.

நிபோங் திபால், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் தென்கோடியில் அமைந்த ஊர். கிரியான் ஆறு அதனை ஒட்டி ஓடுகிறது. பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தாரும் கெடா மாநிலத்தின் எல்லையும் அருகிலேயே உள்ளன. நிபோங் என்னும் பனையினத்து மரம் ஊருக்குப் பெயரைத் தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் செழித்தன. அத்தோட்டங்களில் உழைப்பதற்காகவே தமிழர் கப்பலேறி வந்தனர். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கலிடோனியா, பைராம் முதலிய தோட்டப் பெயர்கள் இன்றும் முதியோர் நாவில் வழங்குகின்றன. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குச் சென்ற பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசியது குறைவு. "உடம்புக்கு முடியலை" என்ற ஒரு தொடரிலேயே எல்லா நோயும் அடங்கிவிடும். அதற்குமேல் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. நம் ஆசிரியை அத்தகைய ஒரு தாயின் மகள்.

அவருக்கு முப்பத்தேழு வயதானபோது மாதவிலக்கு நாள்கள் நீளத் தொடங்கின. ஐந்து நாள் எட்டாயிற்று, எட்டு பத்தாயிற்று. உதிரப்போக்கு மிகுந்து, கட்டி கட்டியாக வெளிப்பட்டது. அடர்ந்த நிறச் சேலைகளையே அவர் உடுத்தத் தொடங்கினார். கைப்பையில் மாற்றுத்துணி எப்போதும் இருந்தது. ஒரு பாடவேளை முடிந்து அடுத்த பாடவேளை தொடங்குமுன் கழிப்பறைக்குச் சென்று வருவதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதை அவர் கணக்கிட்டு வைத்திருந்தார். மாணவரை வெளியூருக்கு அழைத்துச் செல்லும் நாள் வந்தால், தாம் பள்ளியிலேயே இருந்து விடைத்தாள் திருத்துவதாகச் சொல்லிவிடுவார். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. வயது கூடுகிறது, எடை கூடுகிறது என்று தமக்குத் தாமே காரணம் கூறிக்கொண்டார். அடிவயிறு சற்றே பருத்துக் கனத்தபோதும் அதே காரணமே கைகொடுத்தது.

ஒருமுறை தாயிடம் குறிப்பாகச் சொல்லிப் பார்த்தார். "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கத்தாம்மா செய்யும்" என்பதே விடையாகக் கிடைத்தது. தாய் கடிந்து கூறவில்லை, ஆறுதலாகவே கூறினார். ஆயினும் அந்த ஆறுதல் ஒரு கதவை மெல்லச் சாத்திவிட்டது. அதன்பின் மகள் அதைத் தட்டவில்லை.

தமிழ் கற்பிப்போர் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். தொல்காப்பியம் கற்பியலில் பூப்பு என்னும் சொல்லைக் கூச்சமின்றி ஆள்கிறது. பூத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த அழகிய சொல் அது. பிற்காலத்து வழக்கிலோ அது விலக்காயிற்று, தீட்டாயிற்று, வீட்டுக்குத் தூரமாயிற்று. விலக்கு என்னும் சொல்லிலும் தூரம் என்னும் சொல்லிலும் பெண்ணை ஒதுக்கிவைத்த வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலக்கண நூலில் இடம்பெற்ற சொல்லுக்கு வீட்டுக் கூடத்தில் இடமில்லாமற் போயிற்று. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியைக்கே அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லும் துணிவு வரவில்லை.

2023ஆம் ஆண்டில் ஒரு நாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் கண் இருண்டு மேசையைப் பற்றிக்கொண்டார். முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்று மாலையே கணவர் அவரை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றார். குருதியைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் அளவு ஏழு என்று தெரிந்தது. கருவுறாத பெண்ணுக்கு அது பன்னிரண்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அல்ட்ராசவுண்ட் கருவியால் வயிற்றை ஆராய்ந்தபோது கருப்பையில் பல கட்டிகள் காணப்பட்டன. அவற்றுள் பெரியது எட்டு சென்டிமீட்டர் குறுக்களவுடையது.

மருத்துவர் இக்கட்டியை பைப்ராய்டு என்பர். கருப்பையின் தசையிலிருந்தே தோன்றி, நார்த்தன்மையுடன் உருண்டு திரளுவதால் தசைநார்க் கட்டி எனத் தமிழில் வழங்கலாம். இது புற்றுநோய் அன்று. இதைப் போலத் தோற்றமளிக்கும் புற்றுக்கட்டி மிக அரிதாகவே காணப்படுகிறது. பெண்மைச் சுரப்புநீர்களால் வளர்வது. மாதவிலக்கு முற்றாக நின்றபின் பெரும்பாலும் சுருங்குவது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, ஐம்பது வயதை எட்டுவதற்குள் கறுப்பினப் பெண்களில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேலும் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ எழுபதின்மருக்கும் இக்கட்டி தோன்றுவதாக மதிப்பிட்டது. அவர்களுள் பலர்க்கு எவ்வகைத் துன்பமும் இல்லை; கட்டி இருப்பதையே அறியாமல் வாழ்ந்து முடிப்பர். கட்டி இருக்கும் இடமும் அளவும் பொல்லாதனவாக அமைந்தால் மட்டுமே உதிரப்போக்கும் வலியும், அருகிலுள்ள சிறுநீர்ப்பை அழுத்தமுறுவதால் வரும் தொல்லையும் உண்டாகின்றன.

மருத்துவமனையில் அவருக்கு இரும்புச்சத்து மருந்து கொடுக்கப்பட்டது. பின்னர்ச் சிகிச்சை பற்றிய பேச்சு எழுந்தது. கருப்பையை நீக்கிவிடுவது நிலையான தீர்வு என்று மருத்துவர் கூறினார். இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டனர், வயதும் நாற்பத்து மூன்று, கட்டிகளும் பல. அவர் கூறியதில் பிழை ஏதும் இல்லை. கருப்பையை நீக்கினால் இந்நோய் மீண்டும் வர இடமே இல்லை என்பது உண்மை. ஆசிரியை தலையசைத்தார். பேசிய நேரம் பத்து நிமிடம் இருக்கும். வெளியே இன்னும் பலர் காத்திருந்தனர். இசைவுத்தாளில் கையெழுத்திடுமுன் வீட்டில் கலந்து வருமாறு சொல்லி அவரை அனுப்பிவைத்தார்கள்.

அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளை பெறும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆயினும் உடம்பின் உறுப்பு ஒன்றை இழப்பது பற்றி ஒரு வினாவும் எழுப்பாமல் தலையசைத்துவிட்டு வந்தது அவர் மனத்தை உறுத்தியது. விடைத்தாளில் ஒன்றும் எழுதாமல் திருப்பித்தரும் மாணவனை அவர் எத்தனையோ முறை கடிந்துகொண்டிருக்கிறார். எழுந்து விளக்கைப் போட்டார். பாடக்குறிப்பு எழுதும் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வினாக்களை எழுதினார். கருப்பையை எடுக்காமல் குணமாக வழி உண்டா? உண்டெனில் அது எனக்குப் பொருந்துமா? பொருந்தினால் அதன் குறைகள் யாவை? எழுதி முடித்தபின்னரே, ஆறு ஆண்டில் தம் நோயைப் பற்றித் தாம் தமிழில் அமைத்த முதல் வாக்கியங்கள் இவை என்பது அவருக்குப் புலப்பட்டது.

மறுமுறை சென்றபோது அவ்வினாக்களை மலாய்மொழியில் மாற்றி மருத்துவரிடம் கேட்டார். அங்கே அவர் ஒன்றை வியப்புடன் உணர்ந்தார். எத்தனை நாள் உதிரம் போகிறது, எவ்வளவு போகிறது, கட்டியாகப் போகிறதா என்று மருத்துவர் விரிவாகக் கேட்டபோது, மலாயில் விடை சொல்வது எளிதாக இருந்தது. அச்சொற்களோடு எந்த வெட்கமும் ஒட்டியிருக்கவில்லை. பாட்டியின் அதட்டலோ, தாயின் கீழ்க்குரலோ அவற்றின் பின்னே கேட்கவில்லை. தம் உயிரினும் மேலாகப் போற்றிக் கற்பிக்கும் மொழியில் எழாத நா, பிற மொழியில் எளிதில் எழுந்தது. இதனை அவர் பின்னர்ப் பலமுறை எண்ணி வருந்தியதுண்டு.

மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. "நல்ல கேள்விகள். நீங்கள் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை" என்றார். மருந்தால் உதிரப்போக்கைக் குறைக்க முயலலாம், கட்டிகளை மட்டும் அறுத்தெடுக்கலாம், கருப்பையை நீக்கலாம், இவை அல்லாமல் நான்காவது வழி ஒன்றும் உண்டு என்றார். கட்டிக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளை அடைத்து அதனைச் சுருங்கச் செய்வது அவ்வழி. அதனைச் செய்பவர் அறுவை மருத்துவர் அல்லர். ஊடுகதிர்ப் படத்தின் துணையால் குருதிக்குழாய்களுக்குள் சிகிச்சை செய்யும் கதிரியல் மருத்துவர். தீவிலுள்ள ஒருவருக்கு மடல் எழுதித் தந்தார். ஆசிரியை ரயிலேறிப் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து படகில் கடலைக் கடந்து ஜார்ஜ்டவுனை அடைந்தார்.

இச்சிகிச்சை பிறந்த வரலாறு தனிச்சிறப்புடையது. ஊசி வழியே கம்பியையும், கம்பியின் மேலே மெல்லிய குழலையும் செலுத்திக் குருதிக்குழாய்க்குள் புகும் முறையை 1953இல் சுவீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்டார். பிள்ளைப்பேற்றுக்குப்பின் நிற்காத உதிரப்போக்கை நிறுத்த, இம்முறையால் தமனியை அடைக்கும் சிகிச்சை 1970களின் இறுதியில் வழக்கிற்கு வந்தது. பின்னர்ப் பாரிசு நகரில் ராவினா என்னும் மகப்பேற்று மருத்துவரும் அவர்தம் உடன்பணியாளரும், தசைநார்க் கட்டியை அறுத்தெடுக்குமுன் உதிரச்சேதத்தைக் குறைக்கும் பொருட்டு அதே முறையைக் கையாண்டனர். அறுவைக்கு முன்னேற்பாடு என்பதே அவர்களது நோக்கம். ஆனால் அறுவைக்குக் காத்திருந்த பெண்களுள் சிலர், உதிரப்போக்கு நின்றுவிட்டது, வலி இல்லை, இனி அறுவை எதற்கு என்று கேட்டனர். மருத்துவர்கள் அவ்வினாவைத் தள்ளிவிடவில்லை. முன்னேற்பாட்டையே சிகிச்சையாகக் கொண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். 1995இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் பதினாறு பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். பதினொருவருக்குத் துன்பம் நீங்கியது. மூவருக்கு ஓரளவு குறைந்தது. இருவருக்கு மட்டும் அறுவை தேவைப்பட்டது.

புதிய மருந்தொன்று ஆய்வுக்கூடத்தில் பிறப்பதை நாம் பலமுறை படித்திருக்கிறோம். இச்சிகிச்சையோ, நோயுற்ற பெண்கள் தங்கள் உடம்பில் நேர்ந்ததை வாய்விட்டுச் சொன்னதாலும், சொன்னதை மருத்துவர்கள் செவிகொடுத்துக் கேட்டதாலும் பிறந்தது. அப்பெண்கள் மரியாதைக்கு அஞ்சி வாய்மூடி அறுவைக்குப் படுத்திருந்தால், இவ்வழி திறக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

தீவின் மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். தொடையின் மேற்புறத்திலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் சிறு துளையிட்டு, நூல்போன்ற குழலை உட்செலுத்துவர். ஊடுகதிரில் தெரியும் சாயத்தைச் செலுத்திப் பாதையைத் திரையில் கண்டு, கருப்பைத் தமனிவரை குழலைக் கொண்டுசெல்வர். அங்கே மணலினும் நுண்ணிய, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்களைச் சிறிது சிறிதாக விடுவர். அவை குருதியோட்டத்தோடு சென்று கட்டியின் நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். கருப்பைத் தமனி இடமும் வலமுமாக இரண்டு. இரண்டிலும் அவ்வாறே செய்வர். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை. குருதி கிடைக்காத கட்டி, பல திங்களில் ஏறத்தாழப் பாதியளவுக்குச் சுருங்கும். கருப்பைக்கு மட்டும் கேடு வராதா என்று ஆசிரியை கேட்டார். கருப்பைக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்தும் குருதி வரும். கட்டிக்கு அந்த வசதி குறைவு என்றார் மருத்துவர்.

மூன்றாம் வினாவுக்கும் அவர் ஒளிக்காமல் விடை கூறினார். பிரிட்டனில் 157 பெண்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப்பின் வாழ்க்கைநலத்தைப் பொறுத்தவரை தமனி அடைப்புக்கும் அறுவைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் தங்கிய நாள் அடைப்புப் பெற்றவர்க்கு ஒன்று; அறுவைக்கு உட்பட்டவர்க்கு ஐந்து. ஆனால் அடைப்புப் பெற்றவருள் சிலர்க்குப் பின்னர் மீண்டும் சிகிச்சை வேண்டியிருந்தது. நெதர்லாந்து நாட்டு ஆய்வொன்று பத்து ஆண்டுவரை தொடர்ந்து பார்த்தது. அடைப்புச் சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கருப்பையை இழக்கவில்லை. எஞ்சிய ஒரு பங்கினர்க்கு அதனை நீக்கவே நேர்ந்தது. 2020இல் வெளியான மற்றொரு பிரிட்டன் ஆய்வு 254 பெண்களை ஆராய்ந்து, கருப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் அறுத்தெடுத்தவரின் நலமே ஈராண்டுக்குப்பின் சற்று மேம்பட்டிருந்ததாகக் கூறியது. கருவுற்றவர்க்கும், கருப்பையில் கிருமித்தொற்று உள்ளவர்க்கும், புற்றுநோய் ஐயம் உள்ளவர்க்கும் இம்முறை ஆகாது. இனிப் பிள்ளைபெற விரும்புவோர் பெரிதும் ஆலோசித்தே இறங்க வேண்டும். நாற்பத்தைந்தைக் கடந்தவர் சிலர்க்கு மாதவிலக்கு முன்கூட்டியே நின்றுவிடுவதும் உண்டு. முதல் நாள் வலி கடுமையாக இருக்கும். சில நாள் காய்ச்சலும் சோர்வும் வரலாம்.

குறைகளைக் கேட்டபின்னரே ஆசிரியைக்கு நம்பிக்கை பிறந்தது. நன்மையை மட்டும் சொல்லியிருந்தால் அஞ்சியிருப்பார். இம்முறை நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தினர் இதில் தாங்கள் பெற்ற அனுபவத்தை 2010இலேயே ஆய்விதழில் எழுதியுள்ளனர். அதற்கும் முன்னர், 2004 நவம்பரில், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த காண்டலீசா ரைஸ் அம்மையார் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இச்சிகிச்சையைப் பெற்றார். அச்செய்தி மறைக்கப்படவில்லை, இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. உலகறிந்த ஒரு பெண்மணியின் நோய் செய்தித்தாளில் அச்சேறியது. நிபோங் திபாலில் ஓர் ஆசிரியையின் நோய் அவர் வீட்டுச் சமையலறையைக்கூட எட்டவில்லை.

எட்டச் செய்ய வேண்டிய நாள் வந்தது. மருத்துவமனையில் ஓரிரவு தங்க வேண்டும் என்பதால் தாயிடம் சொல்லாதிருக்க இயலவில்லை. தாய்க்குத் தமிழன்றி வேறு மொழியில் இவற்றைப் பேசத் தெரியாது. மலாய் இங்கே உதவாது. மருத்துவமனைக்குப் போவதற்கு முதல் நாள் மாலை, சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயின் அருகே அமர்ந்து, ஆசிரியை தமிழிலேயே சொல்லத் தொடங்கினார். கருப்பை என்றார், கட்டி என்றார், உதிரப்போக்கு என்றார். முதலில் குரல் தடுமாறியது, பின்னர் நிமிர்ந்தது. தமனியை அடைப்பது எப்படி என்று தாய் கேட்டபோது, "வாய்க்கால் மடையை அடைச்சா அந்தப் பாத்தி காய்ஞ்சு போகுமில்லம்மா, அது மாதிரிதான்" என்றார். கிரியான் வட்டாரத்து வயல்களையும் வாய்க்கால்களையும் பார்த்து வளர்ந்த தாய்க்கு அது உடனே விளங்கிற்று.

சற்று நேரம் தாய் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கீரைத்தண்டு முறிபடாமல் அப்படியே இருந்தது. பின்னர், "எனக்கும் இதேதாம்மா. உங்க பாட்டிக்கும் இருந்துச்சுன்னு சொல்வாங்க" என்றார்.

ஆசிரியைக்கு 1996ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ என்று சொல்லி, ஒரு மாதம் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தபோது தாய் மெலிந்து சுவரைப் பிடித்து நடந்தார். என்ன நேர்ந்தது என்று மகள் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அன்று தாயின் கருப்பை நீக்கப்பட்டது. அதற்கு முன் எட்டு ஆண்டு, உதிரம் போகப் போக, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறார். தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர் ஆண் என்பதால், தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். இல்லாத தலைவலிக்கு எட்டு ஆண்டு மருந்து!

"இந்த வைத்தியம் அப்பவே இருந்ததாம்மா?" என்று தாய் கேட்டார். அதற்கு ஓராண்டு முன்னர்தான் பாரிசில் பதினாறு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள் என்பதை மகள் அறிவார். "எங்கேயோ தொடங்கியிருந்தாங்க. இங்கே வரலை" என்றார். தாய் தலையசைத்தார். அவர் குரலில் மனக்குறை இல்லை. ஆனால் கண்களைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

தாய்க்கு இக்கட்டி இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அதைத் தாய் முன்பே சொல்லியிருந்தால், மகள் ஆறு ஆண்டுக்கு முன்பே மருத்துவரை நாடியிருப்பார். கட்டி சிறிதாக இருக்கும்போதே வழி தேடியிருப்பார். தாயைக் குறைகூற இடமில்லை. அவர் தாயிடமிருந்து அவர் பெற்றதும் மௌனமே. நோய் வழிவழியாக வந்தது. அதனை மறைக்கும் பழக்கமும் கூடவே வந்தது. முன்னதைத் தடுக்க இன்னும் வழியில்லை. பின்னதைத் தடுக்க ஒருவர் வாய் திறந்தால் போதும்.

சிகிச்சை குறித்தபடியே நடந்தது. வலதுதொடையில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். திரையில் தம் குருதிக்குழாய்கள் கரிய கிளைகளாக விரிவதை ஆசிரியை அரைத்தூக்கத்தில் கண்டார். மருத்துவர் எச்சரித்தவாறே அன்றிரவு வலி கடுமையாக இருந்தது. பிள்ளை பெற்ற வலிக்குக் குறைந்ததன்று என்று பின்னர்ச் சொன்னார். வலிநீக்கி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. விடியலில் வலி தணிந்தது. மறுநாள் வீடு திரும்பினார். ஒரு வாரம் காய்ச்சலும் சோர்வும் இருந்தன. மூன்றாம் வாரம் பள்ளிக்குச் சென்றார். ஆறு திங்கள் கழித்து எடுத்த படத்தில் பெரிய கட்டியின் கனஅளவு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்டது. கட்டி அடியோடு மறையவில்லை. ஆண்டுதோறும் சோதித்துவர வேண்டும். மீண்டும் வளர்ந்தால் வேறு சிகிச்சை தேவைப்படலாம். இவை யாவும் அவருக்குத் தெரியும். தெரிந்தே அவர் தேர்ந்த வழி அது.

எல்லாருக்கும் இதே வழி ஏற்றது என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. கருப்பையை நீக்கி நலமாக வாழ்வோர் பலர் உளர். அதுவே சிலர்க்குச் சிறந்த வழி. கேட்டறிந்து தேர்வது வேறு. கேளாமல் தலையசைப்பது வேறு என்பதே அவர் சொல்லுவது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. அவற்றுள் முதற்கண் வைக்கப்பட்டவர் நோயுற்றவர். மருத்துவரும் மருந்தும் அருகிருந்து பேணுபவரும் அவர்க்குப் பின்னரே வருகின்றனர். இதனை ஆண்டுதோறும் கற்பித்தவர்தான் நம் ஆசிரியை. நோயுற்றவர் வாய் திறவாதபோது மருத்துவத்தின் முதற்கூறே செயலற்றுப்போகிறது என்பதைத் தம் உடம்பிலிருந்தே அவர் கற்க நேர்ந்தது.

இப்போது ஆண்டுக்கொருமுறை, ஆறாம் ஆண்டு மாணவியரைத் தனியே அமர்த்தி ஒரு பாடவேளை அவர்களோடு பேசுகிறார். நலக்கல்விப் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு, இல்லாததையும் சொல்கிறார். எத்தனை நாள்வரை இயல்பு, எப்போது அம்மாவிடம் சொல்ல வேண்டும், அம்மா கவலை வேண்டாம் என்றாலும் எப்போது மீண்டும் சொல்ல வேண்டும் என்பன அவற்றுள் சில. எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறார். சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை. தம் மகளிடம் தம் நோயையும் பாட்டியின் நோயையும் பெயர் சொல்லிக் கூறியிருக்கிறார்.

தாய்க்கு அறுபத்தெட்டு வயதுக்குமேல் ஆகிறது. சில திங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பக்கத்து வீட்டு இளம்பெண் வாசலில் நின்று, உடம்பு முடியவில்லை என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசிரியை உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வெளியே தாயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உடம்பு முடியலைன்னா எங்கேம்மா முடியலை? உக்காந்து சொல்லு. எத்தனை நாளா?"